ஓரணாவுக்கு இருபது அம்மன் காசு

அன்றிரவு அந்த லாட்ஜில் இருந்தவர்கள்:

நான், ரெங்கராஜ். ராத்திரி கிளார்க். வயது இருபத்து மூன்று.

குழந்தைசாமி. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தொட்டிகளை நிரப்புகிறவர். அறுபதை நெருங்கியவர். இடது காது கேட்காது.

ஏழாம் நம்பர் அறையில் ஓர் உர வியாபாரி. கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கொடுத்து வைத்தவன்.

நாலாம் நம்பர் அறையில் சோலையப்பன். மலாயாவிலிருந்து வந்து அன்று காலைதான் நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கியவர்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது நடந்தது. 1955, சித்திரை மாதம், புதுக்கோட்டை. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பயப்பட ஆசைப்பட்டு இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிக்கிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. விளக்கைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பெண்டாட்டியைப் படுக்க வைத்துக்கொண்டு படிப்பீர்கள். நான் அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்று கேட்டேன்.

காலேஜில் இன்டர்மீடியட்டைப் பாதியில் விட்டவன் நான். ஏன் விட்டேன் என்று அப்பா கேட்டார். பிடிக்கவில்லை என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு லாட்ஜில் ராத்திரி வேலை கிடைத்தது. லாட்ஜின் பெயர் வேண்டாம். முதலாளியின் பிள்ளைகள் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள்.

ராத்திரி பதினொன்றுக்குத் தெருக்கதவை அடைத்துக் குறுக்குக் கட்டை போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு துவாரம். உள்பக்கம் அதற்கு நேர் கீழே ஒரு பிஸ்கட் டின்னை ஆணியடித்து வைத்திருந்தோம். வெளியே நிற்பவன் துவாரத்தில் ஓரணா போட வேண்டும். காசு டின்னில் விழுந்துவிட்டால் நான் கதவைத் திறந்தே ஆகவேண்டும். குடிகாரனோ, கடன்காரனோ, யாராயிருந்தாலும் சரி. அந்த ஓரணா எனக்கு. முதலாளி சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கக் கண்டுபிடித்த வழி அது. சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் இனாம் என்ற ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

துவாரத்துக்கு மேலே முகம் பார்க்க ஒரு சின்னப் பலகைக் கதவும் உண்டு. உள்ளங்கை அளவு.

சோலையப்பன் வந்தது 10.50க்கு. கடைசி ரயில். சில்க் ஜிப்பா, கையில் தங்கக் கடிகாரம், ஒரு தகரப் பெட்டி. பெட்டியை நான்தான் நாலாம் நம்பர் வரை தூக்கிப் போனேன். இரும்பாய்க் கனத்தது. கீழே வைத்ததும் ஜிப்பா பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினார். பெரிய மனிதர்கள் இனாம் கொடுக்கும்போது கையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள். அப்படித்தான் பார்த்தார்.

கையை விரித்தேன். சதுரமாய் ஒரு காசு. மூலைகள் மழுங்கியது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜாவின் தலை.

"ஒரு சென்ட்டு. மலாயாக் காசு."

"இங்க செல்லாதுங்களே."

"செல்லாதுதான். அதுக்கென்ன, பாக்க அழகா இல்ல?"

சிரித்தார். தங்கப் பல் ஒன்று தெரிந்தது. அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஏழு வருடம் கழித்து ஊர் திரும்புகிறார். வல்லத்திராக்கோட்டை அவர் ஊர். நாளை மறுநாள் அவருடைய ஒரே மகள் சொர்ணவல்லிக்குக் கல்யாணம். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் விட்டுப் போனவர். காலையில் முதல் பஸ்ஸில் தன்னை ஏற்றிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். அந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குஷியில் தன் சாமர்த்தியத்தையும் எனக்கு விளக்கினார்.

"சூட்சுமம் சொல்றேன் தம்பி, கத்துக்க. நம்ம ஊர்ல மலாயாக் காசு குடுக்கணும். கப்பல்ல நம்ம ஊர்க் காசு குடுக்கணும். கை நெறையக் குடுத்த மாதிரி இருக்கும். கையில இருந்து ஒண்ணும் போயிருக்காது."

கப்பலில் அவர் கொடுத்தது அம்மன் காசு. இப்போது படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊர் சமஸ்தானமாக இருந்தபோது ராஜா அடித்த செப்புக் காசு அது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். இருபது சேர்ந்தால் ஓரணா. சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த பிறகு அது செல்லாமல் போனது. வீட்டுக்கு வீடு சட்டியில் கிடந்தது. சோலையப்பன் மலாயாவுக்குக் கப்பலேறும்போதே ஒரு சுருக்குப்பை நிறைய அள்ளிப் போயிருக்கிறார். இனாம் கொடுக்கவென்றே.

கப்பலில் மேல்தட்டுப் பிரயாணிகளுக்குச் சோறு கொண்டுவந்தவன் சவரிமுத்து என்று தூத்துக்குடிப் பக்கத்து ஆள். சோலையப்பனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு நாளும் வாந்தி. அந்த ஆள்தான் துடைத்திருக்கிறான், கஞ்சி ஊட்டியிருக்கிறான், கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். கரை சேர்வதற்கு முந்தின சாயங்காலம் கப்பல் ஆட்களுக்கு இனாம் கொடுப்பது வழக்கம். மற்றவர்கள் மலாயா வெள்ளி, அதாவது டாலர் நோட்டு, கொடுத்தார்கள். இவர் பொட்டலம் கொடுத்தார்.

"ஓரணாவுக்குக் கணக்கா இருபது. எண்ணி மடிச்சுக் குடுத்தேன். ராசா காசுடா, எங்க சீமைக்கு வந்தா நல்ல வெலைக்கு மாத்திக்கலாம்னேன். கையெடுத்துக் கும்பிட்டான் தம்பி."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. அறைகிற ஆளாக இருந்தால் ராத்திரி கிளார்க்காக இருந்திருக்க மாட்டேன்.

பதினொன்றுக்குக் கதவை அடைத்தேன். கட்டை போட்டேன். பூட்டினேன்.

1.10.

டின்னில் காசு விழுந்தது.

ஓரணா விழும் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கனமாக, ஒரு தடவை உருண்டு அடங்கும். இது அப்படியில்லை. சின்னதாக… டிங்.

பலகைக் கதவைத் திறந்தேன். ஒரு முகம். நாற்பது வயது இருக்கலாம். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"யாரு?"

"கீரமங்கலங்க. விடியிற மட்டும் ஒரு ஓரமா ஒண்டிக்கிறேன். காசு போட்டுட்டேன்."

டின்னைப் பார்த்தேன். அம்மன் காசு. ஈரமாக இருந்தது.

"இது செல்லாது."

"நம்ம காசுங்களே."

"நம்ம காசுதான். செல்லாமப் போயி ஏழு வருசம் ஆச்சு."

அந்த ஆள் யோசித்தான். கண் இமைக்கவில்லை.

"ராசா ஒண்ணும் சொல்லலிங்களா?"

"ராசா ஆட்சியே இல்ல இப்ப. எந்த ஊர்ல இருந்து வர்றே நீ?"

"இருபது சேந்தா ஓரணாதானுங்களே?" என்று கேட்டான்.

"ஆமா. அதுக்கு?"

"மத்தவுக வரட்டுங்க."

முகம் விலகியது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

குடிகாரன் என்று நினைத்தேன். பலகையை அடைக்கப் போனபோதுதான் கவனித்தேன். அவன் நின்ற இடத்தில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. சித்திரை மாதம். சந்து முழுக்க மாவாய்ப் புழுதி. அவன் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியதை நான் பார்த்தேன். ஆனால் புழுதி நனையவில்லை. ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

காற்றில் ஒரு வாடை. குளத்து வாடை இல்லை. துரு மாதிரி, உப்பு மாதிரி. புதுக்கோட்டையில் அந்த வாடைக்கு வேலையே கிடையாது. கடல் வெகுதூரம்.

அந்தக் காசை எடுத்து வெளியே எறிந்திருக்கலாம். சோம்பல். விட்டுவிட்டேன்.

1.35. டிங்.

"வல்லத்திராக்கோட்டைங்க." கிழவர் குரல். பின்னாலேயே இன்னொரு டிங். "உண்ணாமலைங்க. ஆலங்குடிப் பக்கம். கைப்புள்ளக்காரி, கொஞ்சம் பாத்துத் தொறங்க."

பார்த்தேன். இளம்பெண். இடுப்பில் குழந்தை. குழந்தையின் தலை தோளில் சாய்ந்து கிடந்தது. அந்த நேரத்துக்கு எந்தக் குழந்தையும் அழும், இல்லாவிட்டால் மூச்சு வாங்கும். அது இரண்டும் செய்யவில்லை.

இன்னொன்று. பலகைக்குள் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் சந்து காலி. முகம் விலகினால் வெறும் விளக்குக் கம்பம். அடுத்த டிங் விழுந்ததும் அடுத்த முகம். வரிசையில் நிற்கிறவர்கள் போல. ஆனால் வரிசை இல்லை.

காலேஜ் பயல்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பலகைக் கதவை அடைத்தேன். கொக்கியையும் போட்டேன்.

2.05. பன்னிரண்டு காசு.

அதற்குள் குழந்தைசாமி எழுந்து வந்துவிட்டார். கிணற்றடியில் படுத்திருப்பவர். தோளில் துண்டு, கையில் அரிக்கேன்.

"யாரு தம்பி இந்நேரத்துல? பொங்கச்சோறு கேக்க வந்தவுக மாதிரி வரிசையா வாரது?"

"குடிகாரப் பயலுவ. போயிப் படுங்கண்ணே."

அவர் போகவில்லை. கேட்கிற காதைக் கதவுப் பக்கம் திருப்பி நின்றார்.

டிங்.

"அன்னவாசல் தங்கமுத்துங்க. வண்டி கெடைக்குமாங்க? இல்லாட்டி நடந்துருவேன்."

அரிக்கேன் ஆடியது. குழந்தைசாமியின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது.

"என்னண்ணே?"

"எங்கண்ணன்."

"யாரு?"

"எங்கண்ணன் தம்பி. தங்கமுத்து. மலாயாவுல தோட்டத்துல இருந்துச்சு. காச்சலோட திரும்பி வந்துச்சு. கப்பல்லயே செத்துப் போச்சு. பதினெட்டு வருசம்…"

அவர் கதவை நோக்கிப் போனார். கட்டையில் கை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கிழவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தினமும் இருநூறு குடம் இறைக்கிற கை.

"உள்ள விடுங்க தம்பி. ஊரு வரைக்கும் வந்துருச்சு. எங்கண்ணன்யா."

"ஓரணா விழலை. தொறக்க மாட்டேன்."

அப்படித்தான் சொன்னேன். வேறு காரணம் எதுவும் அந்த நேரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

டிங்.

டிங்.

2.30. நாலாம் நம்பர் கதவு திறந்தது.

சோலையப்பன் அதே சில்க் ஜிப்பாவோடு படுத்திருந்தார் போலிருக்கிறது. கசங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா சத்தம்? மனுசன் தூங்கறதில்லையா?"

நான் டின்னைக் காட்டினேன். ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். பல் தெரிகிற வாய் மூடிக்கொண்டது.

"சவரிமுத்தா?"

"தெரியாது. பல பேரு."

"கப்பல் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்துட்டானா? எப்படி வந்தான்? நான்தான ரயில்ல வந்தேன்? அவன் கப்பலு சாயங்காலம் திரும்பிப் போறதில்லையா?"

அவர் பயந்தது அடிக்கு. நாலு கப்பல்காரர்கள் சேர்ந்து புரட்டி எடுப்பார்கள், கல்யாணத்துக்கு நொண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று பயந்தார். பாவம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தொறந்துராத. ஒனக்கு நல்லாக் குடுக்கறேன்."

கொடுத்தார். சதுரக் காசு, இன்னும் மூன்று.

டிங்.

"பதினாறு," என்றேன்.

"எதுக்கு எண்ணறே?"

"இருபது சேர்ந்தா ஓரணா. ஓரணா விழுந்தா நான் கதவத் தொறக்கணும். இந்த லாட்ஜு வழக்கம் அது. வெளிய இருக்கவங்களுக்கும் தெரியுது."

2.42. பதினேழு. 

2.44. பதினெட்டு.

குழந்தைசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவின் அடி இடுக்கில் வாயை வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே… நான்தாண்ணே… ஆத்தா போயிருச்சுண்ணே…" வெளியிலிருந்து பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் மட்டும் தலையை ஆட்டினார்.

2.50.

டிங்.

பத்தொன்பது.

பிறகு ஒன்றுமில்லை…

சுவர்க் கடிகாரம் மட்டும். ஏழாம் நம்பரில் உர வியாபாரியின் குறட்டை. வாடை உள்ளே வந்திருந்தது. கதவுப் பலகையை உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

3.00. மணி மூன்று அடித்தது.

"ஒண்ணு கொறையுதுங்க."

முதலில் வந்த ஆளின் குரல். கீரமங்கலத்துக்காரன். கோபம் இல்லை. ரேஷன் கடையில் அளவு குறைந்தால் சொல்வது போலச் சொன்னான்.

நான் சோலையப்பனைப் பார்த்தேன்.

"இருபதுன்னீங்க."

அவர் டின்னைப் பார்த்தார்.

"எண்ணி மடிச்சுக் குடுத்தேன்னீங்க."

"பத்தொம்பது," என்றார். "பத்தொம்பதுதான் வச்சேன். அவனா எண்ணப் போறான்?"

இதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. செல்லாத காசு. அதிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பெட்டி நிறையத் தங்கம் கொண்டுபோகிற மனிதர், எட்டு நாள் தன் வாந்தியைத் துடைத்தவனுக்குச் செல்லாத காசில்கூடக் கணக்காகக் கொடுக்க முடியாதவர். மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

"அது அவருகிட்டதான் இருக்குங்க," என்றது வெளியே. "மடியில."

சோலையப்பனின் கை மடிக்குப் போனது. தானாகப் போனது. சுருக்குப்பையை வெளியே எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். அதில் ஒரே ஒரு அம்மன் காசு இருந்தது.

"போட்டுருங்க சாமி," என்று குழந்தைசாமி அவர் காலைப் பிடித்தார். "ஒத்தக் காசு. போட்டுருங்க. எல்லாரும் ஊரு போய்ச் சேரட்டும்."

சோலையப்பன் காசை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"இல்லாட்டி அவர வரச் சொல்லுங்க," என்றது வெளியே.

இப்போது ஒரு குரல் இல்லை.

எல்லாரும்.

3.10.

போலீஸில் நான் சொன்னது இது: 3.10க்குச் சோலையப்பன் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவராகவே வெளியே போனார். பெட்டியை எடுத்துப் போகவில்லை. திரும்பி வரவில்லை. எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

எழுதிக்கொண்டார்கள். குழந்தைசாமியைக் கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே வேலையை விட்டு அன்னவாசலுக்குப் போனார். அதன் பிறகு ஒரு தடவை சந்தையில் எதிரே பார்த்தேன். "எப்படிண்ணே இருக்கீங்க?" என்றேன். கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அண்ணனை உள்ளே விடாதவனிடம் என்ன பேச்சு.

காலையில் டின்னில் ஒரு காசும் இல்லை.

கல்யாணம் நடந்தது. பெண்ணின் சித்தப்பா முத்துராமன் அப்பன் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் பெட்டியை வாங்க லாட்ஜுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து நகைகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று என் கண்ணெதிரே பார்த்தார். பிறகுதான் அண்ணனைப் பற்றிக் கேட்டார்.

நான் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். சவரிமுத்து செத்திருக்க வேண்டும். ஏமாந்த துக்கத்தில் கடலில் விழுந்திருக்க வேண்டும். அவன்தான் மற்றவர்களைக் கூட்டி வந்திருக்கிறான். பேய் என்றால் அப்படித்தானே. இதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பகல் தூக்கம்கூட. ஐப்பசியில் அந்தக் கப்பல் மறுபடி வருகிற நாள் பார்த்து நாகப்பட்டினம் போனேன்.

கப்பல் ஆட்களிடம் விசாரித்தேன், கைகாட்டினார்கள். துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் சவரிமுத்து வடை தின்றுகொண்டிருந்தான்.

உயிரோடுதான். தொட்டுப் பார்த்தேன். "என்னவே?" என்று முறைத்தான்.

சோலையப்பனின் பெயரைச் சொன்னதும் காறித் துப்பினான்.

"அந்த ஆளா? பொட்டலத்தைப் பிரிச்சேன். பக்கத்துல ஒங்க ஊரு ஆளு ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிச்சான். வெத்தலைகூட வாங்க முடியாதாம்லா. அப்படியே மொத்தத்தையும் கடல்ல வீசிட்டேன்."

"எப்ப?"

"அன்னைக்கு ராத்திரியே. கரைக்கு இன்னும் பத்து மணி நேர ஓட்டம் இருக்கும்."

"பத்தொம்பது காசு."

"யாரு எண்ணுனா?"

நான் டீயைக் கீழே வைத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அந்த எடத்துல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், தண்ணிதான்." வடையை மென்றான். "முன்னாடி எங்க மாமன் இதே லைன்ல வேற கப்பல்ல இருந்தாரு. அவரு சொல்லுவாரு. சீக்காளியா ஏறுறவன் வழியெல்லாம் தாங்கிருவான். கரை வாடை அடிச்சதும் உசிரு போயிரும். பொணத்தோட துறைமுகத்துக்குப் போனா டாக்டரு தொத்து நோயின்னு கப்பலையே நிறுத்திப் போடுவாரு. அதனால முந்தின ராத்திரியே சாக்குல கட்டி எறக்கிருவாங்களாம். அந்த எடத்துலதான். ஒங்க ஊருப் பக்கத்து ஆளுகதான் நெறைய."

ராஜா காலத்தில் செத்தவர்கள். அவர்களுக்கு அந்தக் காசு செல்லும்.

நான் எழுந்தேன். சவரிமுத்து என் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அந்த ஆளப் பத்தி நீரு கேக்கதால சொல்லுதேன். வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரு காலையில எறங்குனாரா? நாங்க அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு நங்கூரம் எடுத்துத் திரும்பிட்டோம். மறுநா விடிகாலை அஞ்சு மணி. நான் எச்சித் தண்ணி கொட்டப் போனேன். கீழ ஒரு ஆளு மெதக்கான். சில்க் ஜிப்பா. மல்லாந்து கெடந்தான். எட்டு நாளு அந்த மூஞ்சியத் தொடைச்சவன்லா நானு… எனக்குத் தெரியாதா?"

"கப்பல் நிக்கலியா?"

"ஒருத்தனுக்காவ நிக்குமா? குறிச்சுக்கிட்டாங்க. போயிட்டோம்."

விடிகாலை ஐந்து மணி. கரையிலிருந்து அதே பத்து மணி நேரம். சித்திரை மாதம், அதே தேதி. 3.10க்கு அவர் புதுக்கோட்டையில் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

இதற்கு விளக்கம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். என்னிடம் இல்லை.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. போலீஸில் நான் சொன்னது பொய். அவர் தானாக வெளியே போகவில்லை.

"அவர வரச் சொல்லுங்க," என்று எல்லாரும் சொன்ன பிறகு சோலையப்பன் என் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சொர்ணவல்லி கல்யாணம் தம்பி… நாளன்னைக்கு… அது மொகத்தப் பாக்கணும் தம்பி…" என்றார். ஜிப்பாவுக்குள் பனியன் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நூறு ரூபாய். நம் ஊர் நூறு ரூபாய். அன்றைக்கு அவர் கொடுத்த செல்லுபடியாகும் பணம் அது ஒன்றுதான்.

வாங்கிக்கொண்டேன்.

கணக்குப் போட்டேன். காசு டின்னில் விழுந்தால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அத்தனை பேரும் உள்ளே வருவார்கள், நான் இருக்கிற இடத்துக்கு. அவர் வெளியே போனால் யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. இவ்வளவுதான் கணக்கு. அவருடைய மகள் அதில் எங்கும் வரவில்லை.

குழந்தைசாமி நிமிர்ந்து பார்த்தார். நான் கட்டையை எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். ஒரு கதவை மட்டும் இழுத்தேன்.

சந்து காலி. தெருவிளக்கு. புழுதி. ஒரு காலடித் தடம் இல்லை. யாரும் இல்லை.

சோலையப்பன் எட்டிப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். மேசையை விட்டார். வாசல்வரை வந்தார். தலையை நீட்டி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். தங்கப் பல் தெரிந்தது.

"யாருமில்லையேப்பா," என்றார்.

முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

கதவைச் சாத்தினேன். கட்டையைப் போட்டேன். பூட்டினேன்.